நெருப்பில்லாமல் லாரேரியம் வைக்கலாமா?

வாடகை அறையில் ரோமானியர் மாதிரி வீட்டுத் தெய்வங்களுக்கு ஒரு லாரேரியம், அதாவது சிறு வழிபாட்டு மாடம், வைக்க ஆசை, ஆனால் வீட்டுக்காரர் விளக்கு, சாம்பிராணி எதற்கும் விடமாட்டேன் என்கிறார், நானும் மது தொடுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வைக்கலாம்.

மாடம் கட்டித்தான் ஆகவேண்டும் என்றில்லை. பழைய ரோமானிய நகரமான பொம்பேயில் பல வீடுகளில் அடுப்படிச் சுவரில் தீட்டிய ஓவியமே லாரேரியம். அங்குள்ள வெட்டியி இல்லத்து ஓவியத்தை அச்செடுத்து ஒட்டுங்கள்: நடுவில் டோகா என்ற மேலாடையால் தலையை மூடிய கேனியஸ் (குடும்பத் தலைவரின் காவல் தெய்வம்), இருபுறமும் ஆடும் லார்கள் (வீட்டுக் காவல் தெய்வங்கள்), கீழே பலிபீடத்தை நோக்கி ஊர்ந்துவரும் பாம்பு.

தினமும் முடியவில்லையே என்ற கவலையும் வேண்டாம். பண்ணை வீட்டைக் கவனிக்கும் பெண்ணுக்கு ரோமானிய எழுத்தாளர் கேட்டோ சொன்னது, கலெண்ட்ஸ், நோன்ஸ், ஐட்ஸ் நாட்களிலும் திருநாட்களிலும் அடுப்புக்கு மாலை போட்டு லாரை வேண்டிக்கொள் என்பதுதான். ஆக மாதத்தில் 1, 5, 13. மார்ச், மே, ஜூலை, அக்டோபரில் மட்டும் 1, 7, 15. மாலைக்கு நெருப்பு தேவையில்லை, அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

படையலுக்கு மாவும் உப்பும் போதும். ஃபிடிலி என்ற கிராமத்துப் பெண்ணுக்கு ரோமானியக் கவிஞர் ஹோரஸ் பாடியது அதுதான். அந்த உப்பு தீயில் பொரியும், உங்களுடையது தட்டில் இருக்கும். அது உங்கள் மாற்றம், மரபு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

லார்களுக்கு நெருப்பும் கேனியஸுக்கு மதுவும் வைப்பதை கி.பி. 392-இல் ரோமானியப் பேரரசர் தியோடோசியஸ் சட்டம் போட்டே தடுத்தார். உங்கள் வீட்டுக்காரர் பரவாயில்லை, மாலையையாவது விட்டுவைத்திருக்கிறார்; தியோடோசியஸ் அதையும் விடவில்லை.