காஷ்மீர் ஏரிகள் மலைநடை: வாசகர் கேள்விகள்

? சோனாமர்க்கில் தொடங்கி விஷன்சர், காட்சர், கங்காபல் ஏரிகள் வழியாக நாரநாகில் முடியும் பாதையில் ஆகஸ்டில் போகிறோம். எனக்கு வயது 52. வழியில் மலைநோய் வந்தால் எங்கிருந்து திரும்பலாம்? (ஈரோடு வாசகர்)

'இறங்கினால் சரியாகிவிடும்' என்பது மலைநோய்க்கு (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உடல்கோளாறு) பொது விதி. இந்தப் பாதையில் சிக்கல், இறங்குவதற்கே முதலில் ஏற வேண்டும். விஷன்சர் கரையில் (சுமார் 3,700 மீ.) தலை சுற்றுகிறது என்று வையுங்கள். முன்னால் காட்சர் கணவாய், ஏறக்குறைய 4,200 மீ. பின்னால் நிச்னாய் கணவாய், அதுவும் 4,000 மீட்டருக்கு மேல். எனவே முடிவை, அந்தக் கணவாய் ஏறுவதற்கு முன் வரும் நிச்னாய் முகாமிலேயே எடுத்துவிடுங்கள். அங்கிருந்து ஒரே பகலில் சோனாமர்க் இறங்கிவிடலாம்.

அதற்கு முன் சோனாமர்க்கில் இரண்டு இரவு தங்குங்கள். இடைப்பட்ட நாளில் தாஜிவாஸ் பனியாறு பக்கம் ஏறிவிட்டு, கீழே வந்து தூங்குங்கள். 1,600 மீட்டரில் உள்ள ஸ்ரீநகரிலிருந்து நேரே வந்து மறுநாளே நிச்னாயில் டென்ட் போடுபவர்களுக்குத்தான் தொல்லை அதிகம்.

தலைவலி, குமட்டல், பசியின்மை என்றால் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வு. சந்தேகம் வந்தால், குதிகாலை விரலோடு ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திருக்காமல் உடனே இறங்க வேண்டும். நிச்னாய் முகாமைத் தாண்டிய பிறகு இப்படி ஆனால் குதிரைதான் வழி. குதிரைக்காரரை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மலைநோயைத் தடுக்கும் மாத்திரை அசெட்டசோலமைடு 125 மி.கி. காலை, மாலை, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவது வழக்கம். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். விரல் நுனி மரத்தாலும் அடிக்கடி சிறுநீர் வந்தாலும் பயப்படாதீர்கள், அது மாத்திரையின் வேலை.

? நாங்களே சமைக்கிறோம். சாதம் வேகுமா? (மதுரை வாசகி)

திறந்த பாத்திரத்தில் வேகாது. 3,700 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. பச்சரிசியே நடுவில் வேகாமல் நிற்கும். புழுங்கலரிசி, துவரம்பருப்பெல்லாம் காஸைத் தின்றுவிடும். இரண்டு லிட்டர் குக்கர் இருந்தால் தப்பித்தீர்கள். கனம் பார்த்தால் வறுத்த ரவை, அவல், வீட்டில் பொடித்த சத்துமாவு போதும். குடிநீரைக் கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் விடுங்கள். மேலே ஆட்டு மந்தைகள் மேய்கின்றன.

காஸ் கேனை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், ஸ்ரீநகரில் வாங்குங்கள். வெறும் பியூட்டேன் வாயு உள்ள கேன் விடியற்காலைக் குளிரில் சரியாக எரியாது. இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டால் காலையில் காபி கிடைக்கும்.

? முதுகுப்பை எத்தனை கிலோ இருக்கலாம்? ஷூ எப்படி? (கோவை வாசகர்)

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 12. மழை உறையை மட்டும் நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாக நீர் இறங்கும். பைக்குள்ளே தடித்த பாலிதீன் பை ஒன்றை விரித்து, ஸ்லீப்பிங் பேக்கையும் மாற்றுத்துணியையும் அதில் போட்டுக் கட்டுங்கள். பருத்தி பனியன், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது.

ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும். கடைசி நாள் கங்காபலிலிருந்து நாரநாகுக்கு 1,200 மீட்டருக்கு மேல் செங்குத்து இறக்கம். கால் முன்னால் சரிந்து நகம் கறுப்பது அன்றைக்குத்தான். நகத்தை ஒட்ட வெட்டி, கணுக்காலருகே லேஸை இறுக்குங்கள். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏறப் பனி உருகி நீர் பெருகும். கடக்கும்போது இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பை உங்களை இழுத்துப் போகாது.

? போன் எடுக்குமா? (திருச்சி வாசகி)

வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். மேலே அதுவும் பெரும்பாலும் எடுக்காது. ராணுவச் சாவடிகளில் அசல் அடையாள அட்டை கேட்பார்கள். போனில் உள்ள படத்தை நம்பிப் போகாதீர்கள்.