Re: அம்மாவின் இபிஎஃப் பணத்தில் நகைக்கடை திறக்கலாமா?

தங்கச்சி, சுங்கை சிப்புட்டில் கடை வாடகைக்கு எடுத்து, சொந்த டிசைனில் நகை விற்க அம்மாவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கண்ணாடி அலமாரியை நிரப்பவே அந்தப் பணம் போதாது. அதுவும் 916 (22 காரட்) தங்கச் சங்கிலி வாங்க வருபவர் பழகிய கடைக்குத்தான் போவார்.

உங்கள் பலம் வரைவதில் இருக்கிறது. ஆர்டருக்கு மட்டும் செய்யுங்கள். முதலில் 925 வெள்ளியில் (92.5% தூய வெள்ளி) நாலைந்து மாதிரி வார்த்து வையுங்கள். அதே மெழுகு அச்சில் 750 (18 காரட்) தங்கம் வார்த்தால் எடை வெள்ளியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரும், அதை வைத்தே விலை சொல்லலாம். சிறு வைரம் பதிக்கும் மோதிரத்துக்கு 750தான் நல்லது. 916 மென்மையானது, கல்லைப் பிடிக்கும் நகங்கள் சீக்கிரம் வளைந்துவிடும். நம் அத்தைமார் "இது கம்மித் தங்கமாச்சே" என்று முகம் சுளிப்பார்கள், பொறுமையாக விளக்குங்கள். தாலி, தாலிக்கொடி கேட்டால் மட்டும் 916ஐ விட்டு நகராதீர்கள்.

ஆர்டர் எடுத்த அன்றே தங்கத்துக்கான பணத்தை முன்பணமாக வாங்கி, அன்றைய விலைக்கே தங்கத்தை வாங்கிவிடுங்கள். விலை ஏறினால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. செய்கூலி, சேதாரம், டிசைன் கட்டணம் மூன்றையும் பில்லில் தனித்தனியாகக் காட்டுங்கள். டிசைனுக்குக் காசு கேட்க வெட்கப்படாதீர்கள்.

எஸ்எஸ்எம் எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் வியாபாரப் பெயரைப் பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட்தான். கடன் அவசியம் என்றால் சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குனின் ஸ்புமி திட்டத்தை விசாரியுங்கள், அது மலேசிய இந்தியத் தொழில்முனைவோருக்கானது. அப்புறம், வார்ப்பு வேலைக்கு ஈப்போவில் பட்டறை பிடித்துவிட்டீர்களா?