மலைநாட்டுச் சிவப்பு மண்ணில் போட்ட பப்பாசிக் கன்று வளரவில்லை, அலுமினியம்தான் காரணமா?

திருகோணமலையில் வீடு, மலைநாட்டிலிருந்து லொறியில் வந்த தேயிலைத் தோட்டத்து மண், ஒரு மாதமாகியும் நாலு இலையோடு நிற்கும் கன்று. இலைப் படம் போட்டிருக்கிறீர்கள். இலையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, வேரைப் பாருங்கள்.

ஒரு கன்றின் பையைக் கிழித்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி மண்ணைத் தானாகக் கரைய விடுங்கள். இழுத்தால் பார்க்கவேண்டிய நுனியே அறுந்துவிடும். நுனி தடித்து மொட்டையாகி மண்ணிறமாக இருக்கிறதா? பக்கவேர்கள் நீளாமல் கட்டைகட்டையாக நின்று, தொட்டால் முறிகிறதா? அப்படியென்றால் அலுமினியத்தைச் சந்தேகிக்கலாம். முடிச்சு முடிச்சாக இருந்தால் வட்டப்புழு, வேரைத் தாக்கும் நுண்புழு. கறுத்து நாறினால் தண்ணீர் கூடிவிட்டது.

களி உள்ள எந்த மண்ணிலும் அலுமினியம் இருக்கும். மண்ணின் புளிப்பைக் காட்டும் பீஎச் அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறக்குறைய 5க்குக் கீழே இறங்கும்போதுதான் அது கரைந்து நஞ்சாகிறது. வேர்நுனியின் கடைசிச் சில மில்லிமீற்றரில் கலங்கள் நீளாமல் நின்றுவிடும். அலுமினியம் பொசுபரசையும் மண்ணில் பிடித்து வைத்துக்கொள்ளும், அடியிலை ஊதாவாவது அதனால்தான். தேயிலை அலுமினியத்தை இலையில் சேர்த்துக்கொண்டே வளரும். பப்பாசிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

ஆய்வுகூட அறிக்கை இல்லாமல் எப்படிச் சொல்கிறாய் என்று சண்டைக்கு வரவேண்டாம், அதற்குத்தான் பீஎச் பார்க்கச் சொல்கிறேன். 20 கிராம் காய்ந்த மண், 50 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீர், கலக்கி அரை மணித்தியாலம் விட்டு அளக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள சுண்ணம் அளவைக் கூட்டிக் காட்டும்.

5க்குக் குறைவென்றால் 10 கிலோ மண்ணுக்கு 20 கிராம் டொலமைட் தூள் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணக்கல் வகை). நன்றாகப் பிசறி, ஈரத்தோடு மூன்று கிழமை வைத்து மறுபடி அளந்து, 6ஐ ஒட்டி வந்தபின் மூன்றிலொரு பங்கு உக்கிய கூட்டெருவும் அதேயளவு ஆற்றுமணலும் சேருங்கள். கடற்கரை மணல் உப்பு. கைக்கு வந்தபடி டொலமைட் கொட்டி 7ஐத் தாண்டினால் இரும்பும் நாகமும் (துத்தநாகம்) கிடைக்காமல் இலை வெளிறும். நின்றுபோன கன்றைப் பிடுங்கி மாற்றாதீர்கள், பப்பாசி வேர் அலைக்கழிவைத் தாங்காது. புதிய விதை போடுவது லாபம்.

கன்று வளரவில்லை என்றதும் அமோனியம் சல்பேற்றை நீட்டும் கடைக்காரர்களை என்ன சொல்ல? அது புளித்த மண்ணை இன்னும் புளிக்க வைக்கும். மண் மூட்டை விற்பவர்களும் "இயற்கை" என்று பெரிதாக அச்சடிப்பார்கள், பீஎச் எவ்வளவு என்று ஒரு வரி இருக்காது.

அலுமினிய வாளியால் தண்ணீர் ஊற்றியதால் வந்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. சாதாரணக் கிணற்றுத் தண்ணீரில் வாளி அந்தளவுக்குக் கரையாது.