டீம்கிட்ட சொல்றது ஏன் போய் சேர மாட்டேங்குது? உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: டீம் லீட் ஆகி மூணு மாசம் ஆச்சு. மீட்டிங்ல எல்லாரும் தலையாட்டுறாங்க, ஆனா வேலை வேற மாதிரி வந்து நிக்குது. நான் தெளிவாதான் சொல்றேன்.

பதில்: தலையாட்டுறத நம்பாதீங்க. 1990ல ஸ்டான்ஃபோர்டுல எலிசபெத் நியூட்டன்னு ஒரு ஆராய்ச்சி மாணவி ஒரு சோதனை பண்ணாங்க, ஒருத்தர் தெரிஞ்ச பாட்டோட தாளத்த மேஜைல தட்டணும், இன்னொருத்தர் அது என்ன பாட்டுன்னு சொல்லணும். பாதிக்கு பாதி கண்டுபிடிச்சுடுவாங்கன்னு தட்டுனவங்க நினைச்சாங்க. கண்டுபிடிச்சது 120 பாட்டுல 3. தட்டுறவர் மனசுல பாட்டு முழுசா ஓடுது, கேக்குறவருக்கு வெறும் டொக் டொக் தான். நீங்களும் பத்து நாளா யோசிச்சத பத்து நிமிஷத்துல தட்டிட்டு போறீங்க. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா ஆமான்னு தான் வரும், அதுக்கு பதிலா "முதல்ல எத எடுக்கப் போறீங்க, எங்க சிக்கும்னு தோணுது?"ன்னு கேளுங்க. அவங்க வாயால திரும்ப வரும்போது தான் நீங்க சொன்னது எப்படி போய் சேந்துருக்குன்னு தெரியும்.

கேள்வி: ரிஸ்க் இருக்குன்னு ஆதாரத்தோட சொன்னேன், மேல யாரும் காதுல வாங்கல.

பதில்: இது ரொம்ப வலிக்கிற விஷயம். 1986ல நாசாவோட சேலஞ்சர் விண்வெளி ஓடம் கெளம்பறதுக்கு முந்தின ராத்திரி இன்ஜினியர்கள் குளிர்ல ஓ-ரிங் (ராக்கெட் இணைப்புல வாயு கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) தாங்காதுன்னு சொல்லியும் எடுபடல, மறுநாள் ஓடம் நடுவானத்துல நொறுங்கி அதுல இருந்த 7 பேரும் இறந்துட்டாங்க. பின்னாடி விசாரணை கமிஷன் எல்லா ஏவுதலையும் சேத்து வச்சு பாத்தப்போ, 63 டிகிரி ஃபாரன்ஹீட்லயும் அதுக்கு கீழயும் போன 4லயும் ஓ-ரிங்குல பாதிப்பு, 66லயும் அதுக்கு மேலயும் போன 20ல 3ல மட்டும் தான். இந்த ஒரு ஒப்பீடு அன்னைக்கு ராத்திரி ஒரே பக்கத்துல இருந்திருந்தா பேச்சு வேற மாதிரி போயிருக்கலாம். அதுக்காக பழிய சொன்னவங்க மேல போட முடியாது, கேக்க வேண்டிய இடத்துல இருந்தவங்க கேக்கணும். உங்க கையில இருக்கறது, முப்பது ஸ்லைடு வேணாம், முடிவ மாத்தக்கூடிய அந்த ஒரு ஒப்பீட்ட முதல்ல வைங்க.

கேள்வி: வார்த்தை 7 சதவீதம் தான், மிச்சமெல்லாம் குரலும் உடல்மொழியும்னு டிரெய்னிங்ல சொன்னாங்களே?

பதில்: அது தப்பா பரவுன கணக்கு. மெஹ்ராபியன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 1967ல பண்ணது ஒத்த ஒத்த வார்த்தைய வச்சு, பேசுறவரோட உணர்ச்சிய எப்படி எடுத்துக்கறாங்கன்னு பாத்த சோதனை. எல்லா பேச்சுக்கும் பொருந்தாதுன்னு அவரே சொல்லிருக்கார்.

கேள்வி: ப்ராஜெக்ட்ட நிறுத்திட்டாங்க. டீம்கிட்ட எப்படி சொல்ல?

பதில்: முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க, சுத்தி வளைக்க வளைக்க அவங்களுக்கு வயித்த கலக்கும். சொன்னதும் கொஞ்ச நேரம் அமைதியா இருங்க, கோபப்படட்டும். பதில் தெரியாத கேள்விக்கு எப்போ தெரியும்னு ஒரு தேதி கொடுங்க, அந்த தேதில புதுசா ஒண்ணும் இல்லன்னாலும் வந்து அதையே சொல்லுங்க.