அந்த இருபது நிமிடம்

அன்புள்ள அண்ணா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளரின் முகவரியைத் திருத்தச் சொன்னார்கள். எங்கள் இடத்தில் இதையெல்லாம் நேரடியாக, நிஜ வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் புரொடக்‌ஷன் டேட்டாபேஸில்தான் செய்வோம். அப்டேட் கட்டளையை இரண்டு வரியாக அடித்தேன். ரன் கொடுக்கும்போது மேல் வரி மட்டும் செலக்ட் ஆகியிருந்ததைக் கவனிக்கவில்லை. கீழ் வரியில் இருந்த, யாருக்கு மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லும் ‘வேர்’ (where) கண்டிஷன் ஓடவே இல்லை. நாற்பதாயிரம் சொச்சம் பேருக்கும் ஒரே முகவரி ஆகிவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. நானே சரிசெய்துவிடலாம் என்று இருபது நிமிடம் போராடினேன். அதற்குள் கிடங்கில் கூரியர் லேபிள்கள் அந்த முகவரியோடு அச்சாகிவிட்டன. கஸ்டமர் கேரிலிருந்து போன் வந்த பிறகுதான் டீம் லீடுக்கே தெரிந்தது. முந்தைய இரவு பேக்கப்பிலிருந்து மீட்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் டீ குடிக்கப் போனால்கூட “வேர் போட்டியா?” என்று கேட்கிறார்கள். இந்தத் துறை எனக்குச் சரிவராதோ? ராஜினாமா செய்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ராஜினாமா வேண்டாம், குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ‘வேர்’ விடுபட்டது ஒன்று. இருபது நிமிடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தது இன்னொன்று. நீங்கள் கூனிக் குறுகுவது முதலாவதை நினைத்து. எனக்குக் கவலை இரண்டாவதைப் பற்றித்தான்.

‘வேர்’ இல்லாமல் அப்டேட் ஓடுவது இந்தத் தொழிலில் மிகப் பழைய விபத்து. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் கட்டளை நிரலில் ‘சேஃப் அப்டேட்ஸ்’ என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால், சாவி நெடுவரிசையில் (பதிவை அடையாளம் காட்டும் கீ) கண்டிஷனோ, இத்தனை பதிவுகள்தான் என்ற லிமிட்டோ இல்லாத அப்டேட்டும் டெலீட்டும் ஓடாது. அதே வசதிக்கு ‘ஐ ஆம் எ டம்மி’ என்று இன்னொரு பெயரையும் அவர்களே வைத்திருக்கிறார்கள். டேட்டாபேஸைக் கட்டியவர்களே எதிர்பார்த்து வேலி போட்டு வைத்த தவறு இது. உங்கள் நிறுவனம் அந்த வேலியைப் போடவில்லை.

நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையத்தளமான கிட்லேப்பின் கதையை உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று இரவு, அவர்களுடைய டேட்டாபேஸ் பளு தாங்காமல் திணறிக்கொண்டிருந்தது. மாற்று சர்வருக்கு நகல் போகவில்லை. அதைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், மாற்று சர்வரில் உள்ள டேட்டா டைரக்டரியைக் காலிசெய்து மறுபடி தொடங்கலாம் என்று முடிவெடுத்து அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு விநாடியில் தெரிந்துவிட்டது, அவர் இருந்தது முதன்மை சர்வரில். உடனே நிறுத்தியும் பயனில்லை. சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான்.

பேக்கப்பைத் தேடினார்கள். தினசரி பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, ஒத்துப்போகாமல் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றால் மின்னஞ்சல் வரும்படி செய்திருந்தார்கள், அந்த மின்னஞ்சல்களும் சரியான கையொப்பம் இல்லாததால் நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுக்கப்பட்ட ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டேட்டாவின் நகல். எடுத்தவர் அதே பொறியாளர்! இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 5,000 ப்ராஜெக்ட்களின் விவரங்களும், அதே அளவு கமென்ட்களும், 700 புதிய கணக்குகளும் போயின.

இதையெல்லாம் நான் அறிந்திருப்பதே அவர்கள் மறைக்காததால்தான். மீட்பு வேலை நடக்க நடக்க எல்லோரும் பார்க்கும்படி குறிப்பு எழுதினார்கள், யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். அந்தக் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அழித்த பொறியாளர், இன்றைக்கு இனி நான் சூடோ (முழு அதிகாரம் தரும் கட்டளை) போட்டு எதையும் ஓட்டாமல் இருப்பதே நல்லது என்று சொல்லி, மீட்பு வேலையை சகாவிடம் ஒப்படைக்கிறார். அந்த மனத்தெளிவுக்கு நான் தலைவணங்குகிறேன். கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது, உடைத்தவரே ஒட்டவைக்கப் போகக் கூடாது.

நீங்கள் செய்தது அதற்கு நேர்மாறு. உங்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. பயத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் நிமிடத்தில் லீடிடம் போய் “அண்ணா, கஸ்டமர் டேபிள் மொத்தமும் மாறிப்போச்சு, லேபிள் பிரின்ட்டை நிறுத்தச் சொல்லுங்க” என்று சொல்லியிருந்தால், பார்சல் பிரச்சினையே வந்திருக்காது. முகவரியை பேக்கப் திருப்பிக் கொடுத்துவிட்டது. அச்சான லேபிள்களை அது திருப்பாது.

கிட்லேப் விபத்து நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், பிப்ரவரி 28 அன்று அமேசானிலும் இப்படி ஆனது. எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவையில் சில சர்வர்களை மட்டும் எடுக்கக் கொடுத்த கட்டளையில் ஓர் உள்ளீடு தவறாகப் போய், பல மணி நேரம் இணையத்தில் பல தளங்கள் தடுமாறின. அப்புறம் அவர்கள் மாற்றியது கருவியை. ஒரே அடியில் அத்தனை சர்வர்களை எடுக்க முடியாதபடி வரம்பு வைத்தார்கள்.

அதனால் உங்கள் லீடிடம் தனியாகப் பேசுங்கள். முதலில், உடனே சொல்லாததற்கு ஒருமுறை மன்னிப்புக் கேளுங்கள். ‘வேர்’ விட்டதற்குக் கேட்க வேண்டாம். பிறகு, எல்லோருக்கும் சாதாரணமாக, படிக்க மட்டும் முடிகிற ரீட்-ஒன்லி லாகின் மட்டும் தரச் சொல்லுங்கள். எழுத வேண்டிய வேலை வந்தால் இன்னொருவர் பார்த்த பிறகு ஓடட்டும். ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டி, எத்தனை பதிவு மாறியது என்று பார்த்துவிட்டுக் கமிட் கொடுப்பதை (மாற்றத்தை நிலையாக்குவதை) டீமின் வழக்கமாக்கலாம். ஒரு பதிவு மாற வேண்டிய இடத்தில் நாற்பதாயிரம் என்று வந்தால் ரோல்பேக், அதாவது மாற்றத்தைத் திரும்பப் பெறுவது. அடி வாங்கியவர் என்பதால் இதைச் சொல்ல அந்த டீமில் உங்களைவிடத் தகுதியான ஆள் இல்லை.

அவர் கேட்டுக்கொண்டால் அங்கேயே இருங்கள், கற்றுக்கொள்ள நல்ல இடம். “நீ ஒழுங்கா டைப் பண்ணு, அது போதும்” என்று அனுப்பிவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். வேறு வேலை தேடுவதைப் பற்றி அப்போது பேசுவோம்.