மூன்றாவது தட்டல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி நாட்களில் அமெரிக்க ராப் இரட்டையரான கிளிப்ஸ் சகோதரர்களின் பாடல்களை இரவு பகலாகக் கேட்டவன் நான். 16 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில் அவர்களுடைய புதிய ஆல்பம் வந்ததும் ஆவலோடு கேட்க உட்கார்ந்தேன். முதல் பாடலே அம்மா, அப்பாவின் மரணத்தைப் பற்றியது. மனம் ஒட்டவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். ராப் இளைஞர்களின் கலை அல்லவா? ஆல்பம் வந்தபோது தம்பி புஷா டிக்கு 48 வயது, அண்ணன் மாலிஸுக்கு 52. வேகமெல்லாம் வடிந்த பிறகு திரும்பி வருவது, பழைய பெயரைக் காசாக்கும் முயற்சியாகவே எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. 2002-இல் அவர்களைப் புகழுக்குக் கொண்டுவந்த பாட்டில் தாளத்தைத் தவிர ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. மேசையில் முட்டியால் தட்டினாலே அந்தப் பாட்டு வந்துவிடும். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசைகளில் அப்படித்தான் தட்டித் தீர்த்தார்கள். அந்தத் தட்டலைக் காதில் வைத்துக்கொண்டு போனவருக்கு ஒரு சாவு வீட்டின் கதவு திறந்தால் திகைப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் ‘காசாக்கும் முயற்சி’ என்பதை என்னால் ஏற்க முடியாது. அவர்களுடைய முன்னாள் மேலாளர் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போனார். பாட்டில் பெருமையாகச் சொல்லிவந்த தொழில் சொந்த வாசலிலேயே வந்து நின்றது. அண்ணன் விலகினார். கிறிஸ்தவ நம்பிக்கையில் ஆழ்ந்தார். வன்மம் என்று பொருள்படும் தன் பெயரை 2012-இல் ‘நோ மாலிஸ்’ என்று மாற்றிக்கொண்டார். பணம்தான் குறி என்றால் எப்போதோ திரும்பியிருப்பார். இந்த ஆல்பத்திலேயே இன்னொரு ராப் பாடகரான கென்ட்ரிக் லமார் பாடிய பகுதியை மாற்றச் சொன்ன இசை நிறுவனத்திடமிருந்து, பணம் கொடுத்து வெளியே வந்ததாக அவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் நிறுத்திய பாட்டுக்கு வருகிறேன். தாயும் தந்தையும் சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தவர்கள். முதல் பகுதியில் தம்பி தாயிடம் பேசுகிறார். அம்மா தன்னிடம் விடைபெற்றுக்கொண்டிருந்ததை அப்போது உணராமல் போனேனே என்ற தவிப்பு அது. இரண்டாம் பகுதியில் அண்ணன் தந்தையைப் பார்க்கப் போகிறார். வாசலில் கார் நிற்கிறது. ஆக, அப்பா வீட்டில்தான் இருக்கிறார். கதவைத் தட்டுகிறார். மூன்றாவது தட்டலில் எலும்புக்குள் குளிர் இறங்குகிறது. அம்மாவைத் தனியே போக விட அப்பாவுக்கு மனம் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். எனக்கு அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. நம் புலவர்கள் கையறுநிலை என்று தனித் துறையே வகுத்துப் பாடிய துக்கம் இது. இருபத்தைந்து வயதில் இதை எழுத முடியாது. எழுதுவதற்கு அந்தக் கதவின் முன் போய் நின்றிருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றிச் சொன்னீர்கள். ராப்பில் நான் வேகத்தைப் பெரிதாக நினைத்ததில்லை. ஒரு சொல் தாளத்தின் எந்த இடத்தில் விழுகிறது, இயைபு வருமுன் எவ்வளவு நேரம் நம்மைக் காக்க வைக்கிறது என்பதில்தான் என் காது இருக்கும். மாலிஸ் இப்போது அவசரப்படுவதே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைக்கிறார். விலகியிருந்த அத்தனை ஆண்டுகளும் அந்த நிதானத்தில் கேட்கின்றன.

குறையும் உண்டு. நடுவில் சில பாடல்கள் பழைய ஆடம்பரப் பட்டியலையே திரும்பப் படிக்கின்றன. இசையமைத்த ஃபாரெல் வில்லியம்ஸின் இசையும் 2006 ஆல்பத்தில் இருந்த கரடுமுரடை இழந்து வழுவழுப்பாகிவிட்டது.

எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் என்ற ராப் குழுவைக் கேட்டிருக்கிறீர்களா? 18 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அவர்களுடைய கடைசி ஆல்பம் 2016 நவம்பரில் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் குழுவில் ஒருவரான ஃபைஃப் டாக் நீரிழிவுச் சிக்கல்களால் 45 வயதில் இறந்துவிட்டார். அவர் குரலும், அவருக்கான இரங்கற்பாட்டும் ஒரே ஆல்பத்தில் இருக்கின்றன. வயதானவர்களுக்கு ராப்பில் இடம் உண்டா என்ற கேள்வி அதைக் கேட்டபோதே எனக்குள் அடங்கிவிட்டது.

பாதியில் நிறுத்தினேன் என்கிறீர்கள். அது அண்ணன் வாய் திறப்பதற்கு முன்பாக இருந்தால், இந்த ஆல்பத்தின் மாலிஸை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. அங்கிருந்து தொடருங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.