திரைக்கு அந்தப் பக்கம் யார்? ஆன்லைன் தெரபி உங்களுக்கு ஒத்துவருமா?

கேள்வி: சில மாதங்களாகத் தூக்கம் சரியில்லை. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது. அலுவலகக் கூட்டம் என்றால் முந்தைய இரவே வயிறு கலங்கிவிடுகிறது. அருகில் தெரபிஸ்ட் யாரும் இல்லை. ஆன்லைனில் பார்க்கலாம் என்று ஒரு ஆப்பைத் திறந்தால் வரிசையாகச் சிரித்த முகங்கள். எல்லோரும் எல்லாப் பிரச்சினைக்கும் நிபுணர்கள்! 'நேரில் உட்கார்ந்து பேசினால்தான் அது தெரபி' என்கிறார் நண்பர். வீட்டிலோ, கதவைச் சாத்திவிட்டுப் பேசினால் யாரிடம் என்று கேட்பார்கள். எனக்கு இது சரிப்படுமா? சரிப்படும் என்றால் யாரை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: நண்பரின் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஆன்லைன் சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது. இணையவழி சிபிடியையும் நேரில் தரப்படும் சிபிடியையும் ஒப்பிட்ட 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018ல் வெளியானது. இரண்டிலும் பலன் ஏறத்தாழ ஒரே அளவுதான் என்பது அதன் முடிவு. சிபிடி என்றால், நம் எண்ணங்களும் நடத்தையும் ஒன்றையொன்று எப்படித் தூண்டிவிடுகின்றன என்று பார்த்து, இரண்டையும் படிப்படியாக மாற்றும் முறை. உங்களுக்கு இருப்பது போன்ற பதட்டத்துக்குப் பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படுவதும் இதுதான். ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தது, திட்டமிட்டு வாரவாரம் நகரும் சிகிச்சை. தோன்றும்போது ஒரு மெசேஜ் போட்டு ஆறுதலாக ஒரு பதில் வாங்குவதையும் விளம்பரங்கள் தெரபி என்றே விற்கின்றன. அதற்கு இந்த ஆய்வுகள் சாட்சி சொல்லாது.

தெரபிஸ்டைத் தேடுவதற்கு முன்னால் ஒரு பொது மருத்துவரை நேரில் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் படபடப்பும் தூக்கக் குறைவும் வரும். காபி கூடினாலும் வரும், சில மருந்துகளாலும் வரும். திரை வழியாக யாராலும் உங்கள் நாடியைப் பிடித்துப் பார்க்க முடியாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விஷயத்தை மாதக்கணக்கில் பேசித் தீர்க்கப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஆன்லைன் யாருக்குச் சரிப்படாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் திட்டமாக உருவெடுத்திருந்தால் ஆன்லைன் முகங்களைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்கோ உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணுக்கோ போக வேண்டும். இல்லாத குரல் கேட்பது, யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற உறுதியான நம்பிக்கை, பல நாள் தூங்காமலே அளவு மீறிய உற்சாகம், எடை அபாயமாகக் குறையும் உணவுக் கோளாறு, குடியை நிறுத்தியதும் கை நடுங்கும் நிலை ஆகியவற்றுக்கும் நேரில் பார்க்கும் மருத்துவர் வேண்டும். வீட்டுக்குள்ளேயே உங்களை அடிப்பவரோ மிரட்டுபவரோ இருந்தால், அந்த வீட்டிலிருந்து பேசுவதே ஆபத்தாக முடியலாம்.

உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. அதனால் ஆன்லைன் உங்களுக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். சொல்லப்போனால் சிலவற்றுக்கு அது நேரில் போவதைவிட மேல். கதவைப் பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கம் இருப்பவருக்கு அந்தக் கதவும் அடுப்பும் இருக்கும் இடத்திலேயே பயிற்சி நடக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மனிதர்களை எதிர்கொள்வதே பயம் என்றால், நேரில் போகாமலிருக்க ஆன்லைன் ஒரு சாக்காக மாறிவிடலாம். உங்களுக்குக் கூட்டங்கள்தான் பயம். நல்ல தெரபிஸ்ட் திரையில் பேசியே முடித்துவிட மாட்டார். அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுப்பார்.

அடுத்து, கதவு. ஒத்துவருமா என்பதைப் பெரும்பாலும் இதுதான் தீர்மானிக்கிறது. இணைய வேகம் அப்புறம். அடுத்த அறையில் யாருக்கோ கேட்கும் என்ற நினைப்பு இருந்தால் வாய் தானாகவே எல்லாவற்றையும் பூசி மெழுகிப் பேசும். தெரபிஸ்டுக்கு உங்களின் தணிக்கை செய்யப்பட்ட பதிப்புதான் கிடைக்கும். வாரத்தில் ஒரு மணி நேரம் யாரும் நுழையாத இடம் எது என்று யோசியுங்கள். வீட்டார் வெளியே போகும் நேரம், நிறுத்திய காருக்குள், வேலை முடிந்த பின் காலியான அறை, எதுவானாலும் சரி. இயர்போன் போட்டால் எதிர்ப்பக்கக் குரல் வெளியே போகாது. உங்கள் குரல் போகும். அதற்கு அறை வாசலில் ஒரு மின்விசிறியையோ ரேடியோவையோ ஓடவிடலாம். சொல்ல முடியாத ஒன்று வந்தால் அதை மட்டும் சாட்டில் தட்டச்சு செய்யலாம். யாராவது உள்ளே வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு சங்கேத வார்த்தையையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் பிறகு அப்படி ஓர் இடம் அமையவில்லை என்றால், தூரமானாலும் நேரில் போவதே நல்லது. அந்தப் பயண நேரம் வீண் போகாது.

இப்போது சிரித்த முகங்களுக்கு வருவோம். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) பரிசோதித்துக் கணிப்பார், சிகிச்சை தருவார். கவுன்சிலர், கோச் போன்ற சொற்களுக்குப் பல நாடுகளில் சட்டக் காவல் கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பிரிட்டனிலேயே 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பதிவில்லாமல் போட்டுக்கொள்ள முடியாது; 'கவுன்சிலர்' என்று போட்டுக்கொள்ளத் தடையில்லை. ஆகவே மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: என்ன படித்தார், எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறார், பதிவு எண் என்ன. அந்த எண்ணை ஆப்பில் பார்த்துவிட்டு நம்பிவிடாமல் பதிவு அமைப்பின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, பெரும்பாலோர் செய்வதில்லை. முறையாகப் பதிவு செய்தவர் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். வெளிநாட்டிலிருந்து ஒருவர் பார்ப்பதாக இருந்தால் உங்கள் ஊரில் இருப்பவருக்குச் சிகிச்சை தர அவருக்கு அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். பல நாடுகளில் தெரபிஸ்டின் இடத்தோடு நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் சட்டமும் கணக்கில் வரும். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் உரிமம் அடுத்த மாநிலத்துக்கே தானாகச் செல்லாது.

எல்லாப் பிரச்சினைக்கும் நிபுணர் என்று போட்டிருப்பவரை நான் தாண்டிப் போய்விடுவேன். பக்கம் முழுக்க 'என் வாழ்க்கையே மாறிவிட்டது' என்ற சான்றுரைகள் இருந்தாலும் அப்படித்தான். சிகிச்சையில் இருப்பவரிடம் சான்றுரை கேட்கக்கூடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையே சொல்கிறது. பத்து செஷனில் குணம் என்று உத்தரவாதம் தருபவரும் வேண்டாம்.

இரண்டு மூன்று பேரைப் பொறுக்கியதும் சிறு அறிமுக அழைப்பு கேளுங்கள், பலர் தருவார்கள். உங்கள் கதை முழுவதையும் அதில் கொட்ட வேண்டியதில்லை. 'இப்படிப் பதட்டத்தோடு வருபவர்களோடு நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேளுங்கள். 'மனம்விட்டுப் பேசலாம்' என்பதோடு நின்றால் அது போதாது. முதலில் இதைப் புரிந்துகொள்வோம், பிறகு இன்ன பயிற்சி, இத்தனை வாரத்தில் திரும்பிப் பார்ப்போம் என்று உருவம் தெரிய வேண்டும். அழைப்பு அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது, செஷனுக்கு இடையில் நிலைமை மோசமானால் என்ன செய்வது என்றும் கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் உங்கள் முகவரியையும் அவசரத்துக்கு ஒருவரின் எண்ணையும் வாங்குவார். சிலர் ஒவ்வொரு செஷனிலும் 'இப்போது எங்கே இருக்கிறீர்கள்?' என்றுகூடக் கேட்பார்கள். துருவுகிறாரே என்று நினைக்காதீர்கள். தூரத்தில் இருப்பவர் ஆபத்து நேரத்தில் உதவி அனுப்ப அதைவிட்டால் வழியில்லை. இதையெல்லாம் கேட்காதவரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

ரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. 2023ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், பயனர்களின் மனநலத் தகவல்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றோடு விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாக பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் தெரபி நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அந்நிறுவனம் 78 லட்சம் டாலர் தர வேண்டியிருந்தது. எனவே பதிவு செய்யும் முன், தகவலை விளம்பரதாரர்களுக்குத் தருவார்களா, செஷன் பதிவு செய்யப்படுமா, கணக்கை அழித்தால் குறிப்புகள் என்ன ஆகும் என்று பாருங்கள். தெளிவான பதில் இல்லையென்றால், ஆப்பை விட்டுவிட்டு ஒரு தெரபிஸ்டிடம் நேரடியாகப் பதிவு செய்வதே நல்லது. அலுவலக லேப்டாப்பிலும் அலுவலக மின்னஞ்சலிலும் இதைச் செய்யவே வேண்டாம்.

தொழில்நுட்பம் குறித்து அதிகம் கவலைப்படாதீர்கள். கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும், உங்கள் முகம் உங்களுக்கே தெரியும் சிறு கட்டத்தை மறைத்துவிடுங்கள்; பலருக்குத் தங்களையே பார்த்துக்கொண்டு பேசுவதுதான் சோர்வு. முகம் காட்டக் கூச்சமாக இருந்தால் முதலில் போனில் குரலாகவே பேசலாம்.

முதல் செஷன் முடிந்ததும் லேசாக உணராவிட்டால் பயப்படாதீர்கள். சிலருக்கு அன்று மாலை கனமாகவே இருக்கும். செஷன் முடிந்த கையோடு வேலைக்குள் குதிக்காமல் கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். நேரில் போனால் வீடு திரும்பும் வழியில் தானாகக் கிடைக்கும் அந்த இடைவெளி ஆன்லைனில் இல்லை. மூன்று நான்கு செஷன் பார்த்த பிறகு உங்களிடமே கேளுங்கள்: இவரிடம் பொய் சொல்லாமல் பேச முடிகிறதா? எதை நோக்கிப் போகிறோம் என்று இருவருக்கும் ஒரே எண்ணமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தொடருங்கள். இல்லையென்றால், சத்தமில்லாமல் நழுவிவிடாமல் அதை அவரிடமே சொல்லுங்கள். பேச்சின் போக்கை அவர் மாற்றலாம், அல்லது வேறொருவரைப் பரிந்துரைக்கலாம். சொல்லத் தயக்கமாக இருந்தால் இரண்டு வரி மின்னஞ்சல் போதும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.